ஏழாம் நம்பர்

கீரிமலைக் கேணியில் கழுத்தளவு தண்ணீரில் நின்ற சுபாஸ்கரனை, சுற்றி நின்றவர்கள் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்ய வந்தவர் என்றே நினைத்தார்கள். ஒருவர் இரக்கப்பட்டு, மூன்று தரம் முழுகவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவரும் மறுக்காமல் முழுகினார்.

உண்மையில் அவர் வந்திருந்தது ஓர் உளவாளியைச் சந்திக்க.

சுபாஸ்கரன் நோர்வேயில் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர். நாடுகள் ஒன்றின் கணினிக்குள் ஒன்று புகுந்து செய்யும் திருகுதாளங்களைப் பற்றி இருபது வருடமாக ஆங்கிலத்தில் எழுதிவருபவர். ஐந்து வருடங்களுக்கு முன் 'ஏழாம் நம்பர்' என்று கையெழுத்திட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. பிறகு மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. எல்லாம் தமிழில். எந்த நாட்டு உளவு இயந்திரமும் யாழ்ப்பாணத் தமிழை வாசிக்காது என்று தெரிந்த ஆள், லேசுப்பட்ட ஆளாக இருக்க முடியாது.

சுபாஸ்கரன் சந்தேகப்பட்டதையெல்லாம் ஏழாம் நம்பர் உறுதிப்படுத்தினார். ஒரு துறைமுகத்தின் கணினிகள் முடங்கியது செவ்வாய்க்கிழமை என்று சுபாஸ்கரன் எழுதப்போக, அது புதன்கிழமை என்று அவருடைய ஆய்வுத்துறையே சிரித்தது. அடுத்த மாதம் வந்த மின்னஞ்சலில் செவ்வாய்க்கிழமை என்றிருந்தது. உலகத்தில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மின்னஞ்சல்களை ஆதாரமாக வைத்தே பெரிய புத்தகத்தை எழுதி முடித்தார்.

இப்போது அதில்தான் சிக்கல். திங்கட்கிழமை ஜெனீவாவில் பதினொரு நாட்டுத் தூதுவர்கள் முன் அவர் விளக்கம் சொல்லவேண்டும். ஏழாம் நம்பருக்குத் தகவல் எங்கிருந்து வருகிறது என்று காட்டாவிட்டால், புத்தகத்தையே திரும்பப் பெற்றுவிடுவோம் என்று பதிப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். வேலையும் தப்பாது.

கெஞ்சிக் கேட்டதில் ஏழாம் நம்பர் இரங்கினார். காலை ஆறரைக்குக் கீரிமலைக் கேணிக்குள் நிற்பேன் என்று மட்டும் எழுதினார். தண்ணீருக்குள் ஒருவரும் ஒலிப்பதிவுக் கருவி கொண்டுவர முடியாது. சுபாஸ்கரனுக்குப் புல்லரித்தது.

எழுபது வயதிருக்கும் ஒருவர் நீந்தி வந்து பக்கத்தில் நின்றார். காதுக்குள் போன தண்ணீரைத் தட்டி வெளியேற்றிவிட்டு, தன் பெயர் பரமலிங்கம் என்றும், அரசாங்க மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர் என்றும் சொன்னார். மூட்டு வலிக்கு இந்தத் தண்ணீர் நல்லது என்று தினமும் வருகிறாராம். என்ன அருமையான மறைப்பு என்று சுபாஸ்கரன் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

"நீங்கள்தானோ ஏழாம் நம்பர்?"

"ஓம் சேர். கொக்குவிலிலை எங்கடை வீட்டு நம்பர்."

முதலில் சொந்தப் பெயரிலேயே நான்கு முறை எழுதினாராம். ஒன்றுக்கும் பதில் வரவில்லையாம். பெயர் போடாமல் எழுதிய ஐந்தாவதுக்கு ஐந்து நிமிடத்தில் பதில் வந்ததாம். அதையெல்லாம் நின்று கேட்கும் நிலையில் சுபாஸ்கரன் இல்லை. அன்று பின்னேரமே அவர் கொழும்புக்குப் புறப்படவேண்டும்.

தூதுவர்கள், புத்தகம், வேலை எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தார். முதியவரின் கையைத் தண்ணீருக்குள் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, ஒரேயொரு பேர் சொன்னால் காணும். உந்த விசயங்களை உள்ளுக்கிருந்து உங்களுக்குச் சொல்லுறது ஆர்?"

பரமலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். படித்த மனிதர் பகிடி விடுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, மெல்லச் சிரித்தார்.

"உங்கடை கட்டுரையளைத்தானே சேர், தமிழாக்கி உங்களுக்கே அனுப்பினனான்."