சேஃப்டி சார் ஏமாந்த கதை

முந்திரிக்காட்டு முனியப்பன் மேல் சத்தியம்! நான் எது சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பதுதான் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் வழக்கம். இதில் ஒரு வார்த்தையைத் தள்ளினாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். பொய்யென்றால் என் பல்செட் இப்போதே உடையட்டும்.

கலியமூர்த்தி சுரங்கத்தில் சேஃப்டி பார்த்து ரிட்டயர் ஆனவர். பொய்யே வராத வாய். ஒருநாள் ஹெல்மெட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்து, தன் மேலேயே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்த மனுஷன்.

அப்பேர்ப்பட்டவர், நோட்டு செல்லாமல் போனதற்கு அடுத்த வருஷம் ஒரு காலையில், செங்கமலம் டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று கத்தினார்.

"ஏமாந்துட்டேன்பா! பேங்க்லேர்ந்து பேசறேன்னு ஒருத்தன் போன் பண்ணான். ஏடிஎம் கார்டு முடியப் போவுதுன்னான். கார்டு நம்பரைச் சொன்னேன். போன்ல வந்த ஓடிபியையும் சொன்னேன். மொத்தமும் போச்சு!"

அப்புறம் கிளம்பியது பாருங்கள் சிரிப்பு! தெர்மல் மின்நிலையப் புகைபோக்கி ஒரு ஆட்டம் ஆடி நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

"சேஃப்டி சாரு, ஊருக்கெல்லாம் ஹெல்மெட் மாட்டி வுட்டுட்டு உங்க தலையை இப்படிக் குடுத்துட்டீங்களே!" என்றான் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் மாடசாமி.

"வூட்டுச் சாவியைக் கேக்கலியா சார் அவன்?" என்றாள் செங்கமலம், டீ ஆற்றிக்கொண்டே.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேம்மா. தேனாட்டம் பேசினான்."

மறுபடி சிரிப்பு. நானும்தான் சிரித்தேன்.

மூலையில் பழனிவேல் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்தான். வந்த பணத்தை மகள் இசைப்பிரியா கல்யாணத்துக்கென்று பேங்கில் போட்டு வைத்திருந்தான். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"அண்ணே... உங்களையுமா?"

கலியமூர்த்தி பெஞ்சிலிருந்து இறங்கினார். "உன்னையுமாடா?"

"பாதி பூடுச்சுண்ணே. அதைத் திருப்பித் தரணும்னா மீதியையும் கட்டச் சொல்றான். இன்னிக்குக் கட்டிடலாம்னு கெளம்பினேன். வூட்ல சொல்லல. வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்களே..."

"சிரிக்கிறவங்க என்னைப் பாத்து சிரிச்சுக்கினு இருக்காங்க. நீ வா, வண்டியில ஏறு."

பேங்க் கதவு திறக்கும்போது இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். கார்டை நிறுத்தினார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். போனது போனதுதான்; மீதி தப்பித்தது. தை மாசம் இசைப்பிரியாவுக்குக் கல்யாணம். எல்லாப் பந்தியிலும் நான் உட்கார்ந்தேன்.

கலியமூர்த்திக்கு மட்டும் 'ஓடிபி சார்' என்று பேர் ஒட்டிக்கொண்டது. கல்யாண மண்டபத்தில்கூட விடவில்லை. அவர் போன் மணி அடித்தால் போதும், "சார், நம்பர் கேக்கறாங்க, சொல்லிடுங்க!" என்று ஒரே கூச்சல். மனுஷன் சிரித்துக்கொண்டே சாம்பார் வாளியோடு போனார்.

எனக்குத்தான் ஏதோ உறுத்தியது. கை கழுவும் இடத்தில் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்யா, பழனிவேல் கார்டை ஓடிப்போய் நிறுத்தினியே, உன் கார்டை நிறுத்தினியா?"

"எனக்கு ஏதுய்யா கார்டு? பென்ஷனை இன்னிக்கும் வரிசையில நின்னுதான் வாங்கிக்கினு இருக்கேன்."

எனக்குக் கை கழுவ மறந்துபோயிற்று.

"முந்தின நாள் பழனிவேல் வந்து, 'என் சிநேகிதன் ஒருத்தன் போன்ல ஏமாந்துட்டான், வெளிய சொன்னா சிரிப்பாங்களாண்ணே'ன்னு கேட்டான். அவன் மூஞ்சியைப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு. தனியா கேட்டா சிநேகிதன்னே சாதிப்பான். ஊரு சிரிக்க ஒரு ஆளு போதும்ல? அதான் நான் முந்திக்கிட்டேன்."

நான் இத்தனை வருஷம் அவிழ்த்துவிட்ட அத்தனையையும் ஒரு தட்டில் வைத்தாலும், அந்த மனுஷன் சொன்ன ஒரே பொய்க்கு எடை காணாது.

இது பழனிவேலுக்கே தெரியாது. நீங்களும் வாயைத் திறக்காதீர்கள். அடக்க முடியாமல் சொல்லித் தொலைத்தாலும், சொன்னது நான் என்று மட்டும் வேண்டாம். ஓடிபி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என் பேரை. யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.