அப்பாவை அறையும் காட்சி

“கன்னத்துல பவுடர் பூசறியா, இல்ல அறையறியா?” என்றார் இயக்குநர் குசகாபே.

மன்னிக்கச் சொல்லி ரெய்ஜி இடுப்பு வளையக் குனிந்தான். பூப்போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி, கலைத்துவிட்ட முடி. படத்தில் டோக்கியோவையே கலக்கப்போகும் போக்கிரி, காலையிலிருந்து தேநீர் கொடுத்தவரைக்கூடக் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தான்.

அவனிடம் அடி வாங்க வேண்டியவர் ஒகுனோ. போருக்கு முன் சாமுராய்ப் படங்களில் கூட்டம் கூட்டமாக வெட்டிச் சாய்த்தவர். இப்போது கொடுமைக்கார அப்பாவாகப் பாயில் உட்கார்ந்து அறை வாங்குவதுதான் பிழைப்பு. அந்த அறையும் ஒழுங்காக விழுந்தால்தானே வீட்டுக்குப் போகலாம்?

அப்பாக்களை எதிர்க்கும் பிள்ளைகளின் படங்களுக்குத்தான் அந்த வருஷம் கூட்டம். அதில் குசகாபேதான் ராஜா. இளைஞர்களின் வலி தெரிந்த ஒரே பெரியவர் என்று பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. பிள்ளைகள் பேச்சுக்குக் காது கொடுங்கள் என்று மேடைதோறும் கண்கலங்குவார். படப்பிடிப்பில் மட்டும் அவரைத் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது. அன்றுகூட ஒரு நிருபர் ஓரமாக உட்கார்ந்து அவர் பெருமையைக் குறித்துக்கொண்டிருந்தார்.

ரெய்ஜியை எங்கிருந்தோ கூட்டிவந்தவரும் அவர்தான். அந்தப் பெயர்கூடச் சினிமாக் கம்பெனி வைத்தது.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி பவுடர்தான்.

ஒகுனோவுக்கே பாவமாக இருந்தது. “ஓங்கி அடி தம்பி. என் பல்லெல்லாம் கட்டினதுதான், போனாப் போகட்டும்.”

“உங்க மேல கோபமே வரலையே ஐயா.”

அது குசகாபே காதில் விழுந்துவிட்டது. “துரைக்குக் கோபம் வரலையாம்” என்று சொல்லிக்கொண்டே வந்து, ஒகுனோவை எழுப்பிவிட்டுத் தானே பாயில் உட்கார்ந்தார். கேமராவை ஓடவிடச் சொன்னார்.

“இப்ப அடி. என்னை உன் அப்பான்னு நெனச்சுக்கோ.”

ரெய்ஜி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். ஒரு கணம் அவரையே பார்த்தான்.

விழுந்த அறையில் குசகாபே பாயில் சரிந்தார். ரெய்ஜி இந்த முறை மன்னிப்புக் கேட்கவில்லை.

கன்னத்தைத் தடவியபடி எழுந்த இயக்குநர், நிருபர் பக்கம் பார்த்துச் சிரித்துவைத்தார்.

“பிரமாதம். இதுதான் நான் கேட்டது. இப்படி அறைய எங்க கத்துக்கிட்ட?”

“வீட்லதான்” என்றான் ரெய்ஜி. “உங்ககிட்டதான், அப்பா.”