தேய்ந்த பல்தான் வேண்டும்

"வாய் முழுக்கப் புதுசா கட்டறோம். நல்ல வெள்ளையா எடுத்துக்குங்க" என்று பல் டாக்டரம்மா நிற அட்டையை நீட்டினாள்.

ஆலை முதலாளி யாரும் சீந்தாத கடைசி நிறத்தைத் தொட்டார். "இந்த மஞ்சள். முன்னால ஒண்ணு உடைஞ்ச மாதிரி இருக்கணும், மத்தது தேஞ்சு தெரியணும். ஆனா கடிச்சா கல்லும் நொறுங்கணும்."

"இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

"பளபளன்னு பல்லைக் காட்டினா ஊரே பங்கு கேக்கும் டாக்டர்."

பல் கட்டி ஒரு வாரம் ஆனதும், கூலி உயர்வு பேச மேஸ்திரி நாலு தொழிலாளிகளோடு வந்தான். முதலாளி வாயை அகலத் திறந்து காட்டினார்.

"பாருங்கப்பா. பத்து வருஷமா ரஸ்க்கை டீயில ஊறவெச்சுத்தான் திங்கறேன். எனக்கே பல் கட்ட வக்கில்ல. உங்களுக்கு எங்க போய்க் கூலியை ஏத்துவேன்?"

நாலு பேரும் தலையைத் தொங்கப்போட்டார்கள். ஒருவன் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். மேஸ்திரி மட்டும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தான். வறுத்த பட்டாணி.

"சரிங்க முதலாளி. நீங்களே யோசிச்சு ஒரு தொகை சொல்லுங்க."

எவ்வளவு குறைத்துச் சொன்னால் இந்த மூஞ்சிகள் தாங்கும் என்று முதலாளி யோசித்தார். யோசனையில் இறங்கினால் அவர் கை சும்மா இருக்காது. பொட்டலத்துக்குள் போனது.

கடக். கடக். கடக்.

பாதிப் பொட்டலம் காலியான பிறகுதான் நிமிர்ந்தார். ஐந்து பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மென்னு முழுங்குங்க முதலாளி, அவசரமில்ல" என்றான் மேஸ்திரி. "ஒரு வாரமா நீங்க எங்களைத் திட்டறது, முன்ன மாதிரி காத்துப் போகாம, ரொம்பத் தெளிவா கேக்குது. அதான் பட்டாணி வாங்கிட்டு வந்தேன்."