இன்னும் கொஞ்சம் கனமா...

"இதைவிடக் கனமான போர்வை கிடைக்குமா மேடம்?"

பையனின் அம்மா கேட்டதும் தெரபிஸ்ட் நிமிர்ந்தாள். சட்டை உரசினாலே அலறுகிற பையன் அவன். மேலே நல்ல அழுத்தம் இருந்தால்தான் உடம்பு அடங்கித் தூக்கம் வரும் என்று, உள்ளே மணிகள் வைத்துத் தைத்த போர்வையைப் போன முறை அவள்தான் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"ஏன், இன்னும் தூங்க மாட்டேங்கறானா?"

"இல்ல மேடம். போர்த்தினதும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடறான்."

"அப்புறம் என்னம்மா? குழந்தையோட எடைக்கு ஏத்த கனம்தான் போடணும். கூடினா மூச்சு முட்டும். உங்க வீட்டுக்காரர், 'என் கை இருக்கும்போது போர்வை எதுக்கு மேடம்'னு முதல்ல என்னமா கிண்டல் பண்ணார்! கடைசியில வாங்கிட்டுப் போனீங்களே, தோத்துட்டாரா மனுஷன்? வெட்கத்துலதான் இந்தப் பக்கமே வர்றதில்லையா?"

அம்மா அறை நடுவே துணி ஊஞ்சலில் சுருண்டு கிடந்த மகனையே பார்த்தாள்.

"அவர் தவறிட்டார் மேடம். அதுக்கப்புறம்தான் போர்வை வாங்க வந்தேன்."

தெரபிஸ்ட் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"ராத்திரி அவர் கை எங்க ரெண்டு பேர் மேலயும்தான் கிடக்கும். இவன் இப்போ தூங்கிடறான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கனமானது எனக்குத்தான் கேட்டேன்."