துரைக்கு ஒரு தூண்டில் நூல்

யாழ்ப்பாணம் பெரியகடையில் தூண்டில் சாமான் விற்கும் யாகோப்பு, வாளித் தண்ணீரில் மூன்று பட்டு நூல்களைப் போட்டார். நுவரெலியாவில் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் கந்தோரிலிருந்து லீவில் வந்திருந்த கிளாக்கர் சீவரத்தினம் வாளிக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்தார்.

“எங்கடை துரை ட்ரவுட் மீன் பிடிக்கிறதுக்கு. நூல் மிதக்கவேணுமாம். அது தண்ணிக்குள்ளை தாண்டுபோனால் நுனியிலை கட்டின பூச்சியும் தாண்டுபோம். மீன் கிட்டவும் வராது.”

முதல் நூல் உடனே அமிழ்ந்தது. இரண்டாவது கொஞ்சம் யோசித்துவிட்டு அமிழ்ந்தது. மூன்றாவது, சீதனம் வாங்கிய மாப்பிள்ளைபோல அசையாமல் மேலே கிடந்தது.

“பாத்தியளோ ஐயா, சீமைச் சாமான்! இதையே சுத்தித் தரட்டோ?”

“வேண்டாம். முதல் போட்டதைத் தாரும்.”

“ஐயோ, அது போட்ட உடனை கல்லு மாதிரிக் கெதியாய்த் தாண்டதெல்லோ!”

“கண்டனான்.” சீவரத்தினம் குரலைத் தணித்தார். “யாழ்ப்பாணத்தான் மீனெண்டால் உயிரை விடுவான் எண்டு ஆரோ துரைக்குச் சொல்லிப்போட்டான். அந்தாள் பிடிக்கிறதெல்லாம் எங்கடை வீட்டுக்குத்தான் வருது. நாங்கள் முட்டையும் தொடாத ஆக்கள். வேண்டாமெண்டு சொல்லித் துரையின்ரை முகத்தை முறிக்கேலுமே? மனிசி நாத்தம் தாங்கேலாமல் இணுவிலிலை தாய் வீட்டோடை வந்திருக்கிறாள். மீன் வாறது நிண்டால்தான் திரும்பி வருவாளாம்.”

யாகோப்பு முதல் நூலைத் துடைத்துச் சுற்றி நீட்டினார்.

சீவரத்தினம் அதை வாங்கவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உதிலும் கெதியாய்த் தாழுறது ஏதும் வைச்சிருக்கிறீரோ?”