கருங்கொக்கு விழும் காட்சி

படத்தைக் குட்டிச்சுவராக்கிவிட்டார்கள் என்றார் தொக்பே. பன்றி எலும்பு சூப் மேசைக்கு வருவதற்குள் மூன்று முறை சொல்லிவிட்டார்.

டாக்ஸி நிறுத்தத்தில் சவாரிக்குக் காத்திருக்கும்போதெல்லாம் கைபேசியில் இந்தப் படத்தின் மூலச் சித்திரக்கதையை வாராவாரம் விடாமல் படித்தவர் அவர். கதையில் கருங்கொக்கு என்ற முகமூடி வீரன் பூசான் நகரத்துக் கூரைகளுக்கு மேலே சிரித்துக்கொண்டே பறப்பான். படத்தில் குடிக்கிறான். அழுகிறான். காப்பாற்ற வேண்டிய பெண்ணைக் கைவிடுகிறான். படம் முழுக்க மழை, இருட்டு. மின்சாரக் கட்டணம் கட்டாமல் எடுத்த படமா என்று கேட்டார்.

மன்சிக்குக்குப் படம் பிடித்திருந்தது. மனைவி போன பிறகு அவர் தியேட்டர் பக்கம் வந்ததே இன்றைக்குத்தான். ஊரையே காக்கிறவனும் வீட்டுக்குப் போனால் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், அதை இந்தப் படமாவது சொன்னதே என்றார்.

ஹாக்சு முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயைக் கத்தரிக்கோலால் துண்டாக்கி இருவர் பக்கமும் தள்ளிவைத்தார்.

அழைத்து வந்தது அவர்தான். இரவு ஓட்டம் முடித்து மூவரும் டாக்ஸிகளைக் கம்பெனியில் விட்டதும், காலைக் காட்சிக்கு மூன்று டிக்கெட் இருக்கிறது, வாருங்கள் என்றார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் வாயில் சினிமா என்ற சொல் வந்து இருவரும் கேட்டதில்லை.

பேச்சு அந்த இடத்துக்கு வந்தது.

கட்டி முடிக்காத அடுக்குமாடியின் உச்சியிலிருந்து கருங்கொக்கு விழும் இடம். இசை கிடையாது. மழைச் சத்தம் கூட நின்றுவிடும். முகமூடி போட்ட ஒரு உடம்பு நேராகக் கீழே வந்து மோதும்.

மன்சிக் கரண்டியைக் கீழே வைத்தார். அந்த இடத்தில் தனக்கு மூச்சே நின்றுவிட்டது என்றார்.

தொக்பே விடவில்லை. "கொக்கு எங்கயாச்சும் அரிசி மூட்டை மாதிரி விழுமா? கையைக் கூட விரிக்கல. எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்ண வேலை. அதைப் பாத்து மூச்சு நின்னுச்சாம் இவனுக்கு."

ஆள் விழுந்தால் அப்படித்தான் விழுவான் என்றார் மன்சிக்.

நீ எத்தனை பேர் விழுந்து பார்த்தாய் என்று தொக்பே கேட்டார். பிறகு கைபேசியை எடுத்து, பார்த்தவர்கள் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தார். அந்தக் காட்சி ஒன்றுக்கே கதாநாயகனுக்கு விருது கொடுக்கலாம் என்று ஒருவர். படத்திலேயே பொய்யான இடம் அதுதான் என்று இன்னொருவர். இரண்டு பேருக்கும் கைதட்ட ஆயிரக்கணக்கில் ஆள் இருந்தது.

"ஏம்ப்பா ஹாக்சு, நீ சொல்லு. அது மனுசன் விழுற மாதிரியா இருந்துச்சு?"

"நான் பாக்கல, அண்ணே."

தொக்பே மேசையைத் தட்டிச் சிரித்தார். கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாப்பிள்ளையே தூங்கிவிட்டான் என்றார். சூப் ஊற்ற வந்த கடைக்காரம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

ஹாக்சு தூங்கவில்லை. அந்தக் காட்சி வருகிறது என்று தெரிந்ததும் திரையை விட்டுத் திரும்பி, பக்கத்தில் இருந்த இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முகம் சுருங்கியது. இன்னொன்று கொட்டாவி விட்டது.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் எலும்பு கொதிக்கும் அண்டாவின் ஆவி தெருவை மறைத்துக்கொண்டிருந்தது.

திரையில் மகன் சான்யுலின் முகம். கைபேசியைப் பிடித்திருந்த மருத்துவமனைப் பணிப்பெண்ணின் விரல் ஒரு ஓரத்தில் தெரிந்தது.

விழும் காட்சியில் முகமூடிக்குள் இருந்தது அந்தக் கதாநாயகன் அல்ல. அவன் குடைக்குக் கீழே நாற்காலியில் இருந்தான். அவனுக்கு டூப்பாக மேலேயிருந்து விழுந்தது சான்யுல். பாதி வழியில் இடுப்புக் கயிறு அறுந்தது. போன வருஷம் இலையுதிர் காலத்தில் நடந்தது. அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே எதுவும் அசைவதில்லை.

விபத்து பதிவான அந்தத் துண்டைப் படத்திலிருந்து வெட்டிவிடுகிறோம் என்று படக்காரர்கள் மருத்துவமனைக்கே வந்து சொன்னார்கள். ஹாக்சு உடனே தலையாட்டினார். வெட்டிவிட்டால் நான் எதற்கு விழுந்தேன் என்று சான்யுல் கேட்டான். அதனால் அந்தத் துண்டு படத்திலேயே இருந்தது.

கம்பெனியில் யாருக்கும் தெரியாது. மகன் சியோலில் பட வேலையில் இருக்கிறான் என்றே சொல்லி வைத்திருந்தார். வாய்விட்டுச் சொன்னால் அது முடிந்துபோன விஷயமாகிவிடும் என்று ஒரு பயம்.

ஒன்றும் தெரியாதவர்களாகப் பார்த்துப் படத்துக்குக் கூட்டிப்போ என்று சொன்னதும் சான்யுல்தான். தெரிந்தவர்கள் பாவப்படுவார்கள். பாவப்படுகிறவர்களுக்குப் படம் தெரியாது.

நல்லா இருந்ததாகச் சொன்னார்கள் என்றார் ஹாக்சு.

"அந்த எடம்?"

"அதுவும்தான்."

"பூசி மெழுகாதப்பா. என்ன சொன்னாங்களோ அதைச் சொல்லு."

கண்ணாடிக்கு உள்ளே தொக்பே கரண்டியை மேலே தூக்கி, சட்டென்று மேசையில் போட்டு, மன்சிக்கிடம் என்னவோ நிரூபித்துக்கொண்டிருந்தார். மன்சிக்கின் மூச்சு நின்றதைச் சொல்லலாம். ஆனால் மகன் முகத்துக்கு முன்னால் மூச்சைப் பற்றிப் பேச ஹாக்சுவுக்கு நாக்கு எழவில்லை. இன்னொன்றுதான் மிச்சம் இருந்தது.

கையை விரிக்கவில்லையே என்று ஒருவர் சொன்னார் என்றார்.

சான்யுலின் கண் இமைக்கவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று ஹாக்சு கைபேசியைத் தட்டிப் பார்த்தார்.

"சரியாத்தான்பா சொல்லியிருக்காரு," என்றான். "விரிக்கணும்னுதான் ஒத்திகை. கயிறு போனதும் மறந்துட்டேன். இன்னொரு டேக் குடுத்திருந்தா விரிச்சிருப்பேன்."