நான்கு எலுமிச்சம்பழம்

ஷோரூம் டிரைவர் கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து, எங்கள் தெரு லோகநாதனின் புதுக் கார் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழத்தோடு அசையாமல் நின்றது. மனைவி தமயந்தியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டுதான் பழத்தை நசுக்குவாராம். பழைய காரும் இதே கம்பெனிதான். அப்போது விளம்பரத்தில் சிறுத்தை பாயும், இவரும் பாய்வார். பாலத்துச் சுவரில் பாய்ந்ததில் குழந்தைக்குக் கை முறிந்தது. அன்றைக்கு அம்மா வீட்டுக்குப் போனவள்தான் தமயந்தி. பிறகு கம்பெனி சிறுத்தையை விரட்டிவிட்டு, அப்பா ஓட்ட, அம்மா பக்கத்தில் சிரிக்க, பின்சீட்டில் குழந்தையும் நாய்க்குட்டியும் என்று ஊரெங்கும் பேனர் வைத்தது. இவரும் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு, அந்த அப்பா மாதிரியே கட்டம்போட்ட சட்டைக்கு மாறினார். நாய்க்குட்டி மட்டும்தான் பாக்கி.

பழம் கறுத்துச் சுருங்கிய பிறகு, நேற்று தமயந்தி குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். தெருவே மாடியில் துணி காயப்போட வந்துவிட்டது, நானும்தான். லோகநாதன் பேனரில் உள்ளதுபோலவே சிரித்து, இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

அவள் ஏறவில்லை. கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க. நான் ஓட்டுறேன். நீங்க பாப்பாகூடப் பின்னாடி உக்காருங்க."

"தெருவே பாக்குது, தமா."

"பாக்கட்டும். அண்ணே, ஆட்டோவை ஆஃப் பண்ணிடாதீங்க."

ஆட்டோ உறுமிக்கொண்டே இருந்தது. சாவி லோகநாதனின் உள்ளங்கையில் இருந்தது. அந்தப் பேனர் சிரிப்பை எங்கே வைப்பதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.